தண்ணீர் அடுப்பைத் தூக்கியது யார்?

அத்தியாயம் ஐந்து

திருட்டுப் போன வீடு என்றால் அழுகைச் சத்தம் கேட்கும், அது இல்லாவிட்டாலும் மூக்கு உறிஞ்சும் சத்தமாவது கேட்கும் என்று எதிர்பார்த்து வந்தவன் அரட்டை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து கேட்டதோ கைதட்டல்.

"மேடம், வீடு மாறி வந்துட்டோமா? யாருக்கோ பிறந்தநாள் மாதிரி இருக்கே."

"வீடு சரிதான். வாயை மூடிக்கிட்டு வா" என்றாள் துருவி.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எதையும் துருவித் துருவிக் கேட்கிறவள் என்பதால் ஊர் வைத்த பெயர் இது. துப்பறியும் தொழிலுக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று அவளும் போர்டில் அதையே எழுதிக்கொண்டாள். உதவியாளனுக்கு அரட்டை என்ற பெயர் ஏன் வந்தது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முன்பு இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருந்தவன். பாலிசி எடுத்தால்தான் இவன் பேச்சை நிறுத்துவான் என்று பயந்தே பலர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைய ஆட்கள். சுவரில் 'தண்ணீர் எரிபொருள் மக்கள் சங்கம்' என்று ஒரு பேனர். அதன் கீழே, கையில் மைக்கோடு சங்கத் தலைவர். தொழில் வீட்டு புரோக்கர். ஒழுகுகிற வீட்டைக்கூட 'இயற்கை நீர்வசதி உண்டு' என்று சொல்லி விற்கக்கூடிய மனிதர்.

"நண்பர்களே! நம்ம விஞ்ஞானியோட தண்ணி அடுப்பு மெஷினை எவனோ தூக்கிட்டான். வருத்தப்படாதீங்க! யோசிங்க! வேலை செய்யாத மெஷினை எவனாவது திருடுவானா? திருடியிருக்கான்! அப்படின்னா என்ன அர்த்தம்? மெஷின் வேலை செய்யுது! இதைவிடப் பெரிய சான்றிதழ் உலகத்துல உண்டா?"

மறுபடியும் கைதட்டல். அவர் பக்கத்தில், மெஷினைப் பறிகொடுத்த விஞ்ஞானி கல்யாண மாப்பிள்ளை மாதிரி தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

அரட்டை துருவியின் காதில் சொன்னான். "போன வருஷம் பஸ்ல என் பர்ஸ் திருடு போச்சு மேடம். உள்ள ஒரு பைசா இல்ல. இவங்க கணக்குப்படி பார்த்தா நான் பெரிய பணக்காரன்."

பக்கவாட்டு நடையிலிருந்து ஒரு பெண் கையசைத்துக் கூப்பிட்டாள். விஞ்ஞானியின் மனைவி. காலையில் போன் செய்து இவர்களை வரச் சொன்னவள் அவள்தான். கண் வீங்கியிருந்தது.

"மேடம், சாயந்திரம் பெரிய கூட்டம் போடுறாங்க. அதுக்குள்ள யார் எடுத்தாங்கன்னு சொல்லிடுங்க. யாரோ ஊர் பேர் தெரியாத திருடன்னு சொன்னாலும் போதும். இல்லன்னா என் தம்பியை வீட்டை விட்டுத் துரத்திடுவாங்க."

"தம்பி மேல ஏன் பழி?"

"அவன் பெட்ரோல் பங்க்ல வேலை பார்க்கிறான்."

அவ்வளவுதான் குற்றம். தண்ணீர் எரிந்தால் யாருக்கு நஷ்டம்? பெட்ரோலுக்கு. இந்த வீட்டில் யார் சட்டையில் பெட்ரோல் வாசனை அடிக்கிறது? மச்சினன் சட்டையில். முடிந்தது விசாரணை. 'தண்ணீருக்குத் துரோகி' என்று அவன் போட்டோவோடு போஸ்டர்கூட அடித்துவிட்டார் தலைவர்.

"அப்பா அம்மா போனப்ப அவன் சின்னப் பையன் மேடம். நான்தான் வளர்த்தேன். எனக்கு அவன் தம்பி இல்ல, பிள்ளை. இவரும் அப்படித்தான் பார்த்துக்கிட்டார். இப்போ முகம் குடுத்துப் பேச மாட்டேங்குறார்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாடிப்படியில் தம்பி உட்கார்ந்திருந்தான். முப்பது வயது ஆள். காலடியில் துணிப்பை தயாராக இருந்தது.

"மெஷினை நீ எடுத்தியா?" என்றாள் துருவி.

"இல்லைங்க." பட்டென்று வந்தது பதில்.

"யார் எடுத்தாங்கன்னு தெரியுமா?"

அவன் பையின் பிடியை முறுக்கினான். அவிழ்த்தான். மறுபடி முறுக்கினான். "எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சுங்க" என்றான்.

துருவி தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். "அரட்டை, முதல் கேள்விக்குப் பதில் வந்துச்சு. ரெண்டாவதுக்கு வரல. கவனிச்சியா?"

"கவனிச்சேன் மேடம். என் பொண்டாட்டி கேள்வி கேட்டா நானும் இப்படித்தான் ஆபீஸுக்கு நேரமாச்சும்பேன்."

பின்பக்க அறைதான் விஞ்ஞானியின் சோதனைக்கூடம். மேஜை காலி. மெஷின் இருந்த இடத்தில் மட்டும் தூசி இல்லாமல் ஒரு சதுரம். விஞ்ஞானி ஓடி வந்து அந்தச் சதுரத்தைப் பெருமையோடு காட்டினார். ஒரு காலத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். பெட்டி போல இருந்த டிவிகள் செத்து, தட்டையான டிவிகள் வந்து, கெட்டுப்போனால் தூக்கிப் போடு என்ற காலமும் வந்தபோது கடையை மூடினார். அதன் பிறகு நெடுநாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்று மனைவி சொல்லியிருந்தாள். சவரம்கூடச் செய்துகொள்ளவில்லையாம்.

"தண்ணிக்குள்ள ஹைட்ரஜன் இருக்கு மேடம். கரண்ட் குடுத்தா பிரிஞ்சு வெளிய வரும். எல்லாரும் சின்ன பேட்டரி வச்சுப் பண்ணுவாங்க. நாலு குமிழி வரும். நான் விடுவேனா? பழைய டிவி காயில், கடை போர்டு நியான் லைட் டிரான்ஸ்பார்மர் எல்லாம் சேர்த்து பத்தாயிரம் வோல்ட் குடுத்தேன்! தண்ணி அலறிக்கிட்டுப் பிரிஞ்சிடும்."

"அவ்வளவு குடுத்தா நானும் பிரிஞ்சிடுவேன் சார்" என்றான் அரட்டை.

"கேஸை எங்க எரிச்சீங்க?" என்றாள் துருவி.

விஞ்ஞானி சுவரில் இருந்த ஓட்டையைக் காட்டினார். "ஜாடியிலேர்ந்து டியூப் இது வழியா சமையலறைக்குப் போகும். அங்க தனியா ஒரு அடுப்பு. நான் இங்க சுவிட்சைப் போட்டுட்டு 'வருதா?'ன்னு கத்துவேன். என் மனைவி அங்கேர்ந்து 'வருதுங்க!'ன்னு பதில் குடுப்பா. முதல் பதினஞ்சு தடவை 'வரல'ன்னா. அப்புறம் ஒரு நாள் 'வருதுங்க!'ன்னா பாருங்க..." அவர் குரல் கம்மியது. "சின்னப் பிள்ளை மாதிரி அழுதுட்டேன்."

"நீங்களே போய்ப் பார்க்கலையா?"

"ஓடிப் போய்ப் பார்த்தேனே! எரிஞ்சுக்கிட்டுதான் இருந்தது. ஆனா அங்கேயே நிக்க முடியாது. ஹை வோல்டேஜ் மேடம். சுவிட்ச் பக்கத்துல ஆள் இல்லாம விடலாமா? சங்கத்து ஆளுங்க வந்தா அங்க நின்னு பார்ப்பாங்க. நான் இங்க காவல்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் இன்னொண்ணும் கண்டுபிடிச்சிருக்கேன். ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாதுன்னு எல்லாப் புத்தகத்துலயும் போட்டிருக்கான். பொய்! என் ஹைட்ரஜனுக்கு வாசனை இருக்கு. அழுகின முட்டைகோஸ் மாதிரி. உலகத்துலயே முதல் தடவையா மோந்து பார்த்தவன் நான்தான்!"

துருவியின் புருவம் ஒரு தடவை ஏறி இறங்கியது. அரட்டைக்கு அது போதும். தூண்டிலில் மீன் கடித்தால்தான் அந்தப் புருவம் ஆடும்.

"கடைசியா எப்போ ஓட்டினீங்க?"

"திருட்டுக்கு முந்தின நாள். அன்னைக்குப் பார்க்கணுமே! ஜாடிக்குள்ள ஒரு பொறி, டப்புன்னு சத்தம், மூடி பறந்து போய் மேல சீலிங்ல அடிச்சுது. என்ன பவர்! நான் குதிச்சேன். என் மனைவி ஓடி வந்து என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதா. அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு."

சீலிங்கில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. துருவி அதை அண்ணாந்து பார்த்தாள். பார்வையை இறக்கும்போது விஞ்ஞானியின் சட்டைக் காலரில் வந்து நின்றது. காலர் அழுக்கேறி விறைத்திருந்தது.

விஞ்ஞானி கூச்சத்தோடு காலரை மறைத்தார். "மன்னிக்கணும். கூட்டத்துக்குப் போட ஒரு சட்டைகூட இல்ல. வாஷிங் மெஷின் ரிப்பேராம். நான் பார்க்கிறேன்னேன். வேண்டாம், நீங்க ஆராய்ச்சியைப் பாருங்கன்னுட்டா."

"எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்ச புருஷன் வீட்ல இருக்கும்போதா?" என்றாள் துருவி.

"தங்கமான மனுஷி மேடம். என் நேரத்தை வீணாக்க மாட்டா."

சமையலறையில் தண்ணீர் அடுப்பின் மேல் ஒரு பாத்திரம் கவிழ்ந்திருந்தது. சங்கத்தார் முன்னால் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காட்டிய புகழ்பெற்ற பாத்திரம். துருவி அதன் அடியில் விரலைத் தேய்த்து அரட்டையின் மூக்குக்கு நேரே நீட்டினாள். விரல் மை வைத்தது போல் கறுத்திருந்தது.

"கரி" என்றான் அரட்டை. "அடுப்புல வச்சா கரி பிடிக்காம கஸ்தூரியா பிடிக்கும்?"

"ஹைட்ரஜன் எரிஞ்சா மிஞ்சுறது நீராவி மட்டும்தான். பாத்திரம் வேர்க்கலாம். கறுக்காது. தண்ணிக்குள்ள கரி எங்கேர்ந்து வந்தது?"

அரட்டை வாயைத் திறந்த நேரம் வாசலில் மணி அடித்தது. தோளில் சிலிண்டரோடு கேஸ்காரர். "என்னம்மா, அதுக்குள்ள தீர்ந்துடுச்சா? முன்னெல்லாம் உங்க வீட்டுக்கு எப்பவோ ஒரு தடவைதான் வருவேன். இப்போ வாடகைக்கு ரூம் எடுத்து இங்கேயே தங்கிடலாம் போல இருக்கே. ஹோட்டல் கீட்டல் நடத்துறீங்களா?"

விஞ்ஞானியின் மனைவி ஓடிப் போய், பேச்சை முடிக்கவிடாமல் சிலிண்டரை உள்ளே வாங்கினாள். ஹாலில் இருந்த தலைவரின் காதிலும் அது விழுந்தது. அவர் அசரவில்லை. "பார்த்தீங்களா? கேஸ் கம்பெனி நம்மளை உளவு பார்க்க ஆள் அனுப்புது!" என்றார் மைக்கில்.

அரட்டை தலையில் அடித்துக்கொண்டான். "தண்ணியில அடுப்பு எரியுற வீட்டுல சிலிண்டர் சீக்கிரம் தீருது. இதை ஒருத்தனும் கேக்கலையே மேடம்!"

"கேட்டா சங்கத்தை விட்டுத் தூக்கிடுவாங்க. சரி, மெஷினை எங்கெல்லாம் தேடினாங்களாம்?"

அதைத் தலைவரே சொன்னார். பரண், மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, மச்சினன் பை, மச்சினன் தலையணை, பெட்ரோல் பங்க் கழிப்பறை வரைக்கும் சங்கத்தின் ஆண்கள் அணி அலசித் தள்ளிவிட்டதாம். "வீட்டுல ஒரு இண்டு இடுக்கு விடல!"

"நல்லாத் தேடியிருக்கீங்க" என்றாள் துருவி மரியாதையாக. பிறகு விஞ்ஞானியின் மனைவியிடம் திரும்பி, "கொஞ்சம் கை கழுவணும். பின்னாடி குழாய் இருக்கா?" என்றாள்.

பின்கட்டில் குழாய் இருந்தது. குழாய்க்குப் பக்கத்தில், அழுக்குத் துணிக் கூடைகளுக்கு நடுவே வாஷிங் மெஷின் இருந்தது. துருவி கைகூடக் கழுவவில்லை. நேரே போய் மூடியைத் திறந்து, மேலே கிடந்த போர்வையை விலக்கினாள். உள்ளே ஜாடி, காயில், செங்கல் கனத்தில் டிரான்ஸ்பார்மர். எல்லாம் பத்திரமாகப் படுத்திருந்தன.

"ஆண்கள் அணி அத்தனை பேர் தேடியிருக்காங்க. ஒருத்தன்கூட இதோட மூடியைத் தூக்கிப் பார்க்கல" என்றாள் துருவி. "அப்படித்தான் நடக்கும்னு உங்களுக்குத் தெரியும்."

கூடவே வந்திருந்த விஞ்ஞானியின் மனைவி அப்படியே துணிக்கூடை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அரட்டைக்குத் தலை சுற்றியது. "அம்மா, திருடினதும் நீங்க, துப்பறிய ஆள் வச்சதும் நீங்களா? ஊர்ல எத்தனையோ பேர் இருக்க, எங்களை ஏம்மா கூப்பிட்டீங்க?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள். "உங்க ஆபீஸ் போர்டு ஒரு பக்கம் தொங்கிக்கிட்டு இருந்தது. இவங்களால ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது, எவனோ வெளியாள்னு சொல்லிட்டுப் போயிடுவாங்கன்னு நம்பிட்டேன்."

இந்த அடியை அரட்டை எதிர்பார்க்கவில்லை. துருவிக்கு மட்டும் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு பக்கத்தில் குந்தினாள்.

"சிலிண்டர் கேஸை அந்த அடுப்புக்கு எப்படிக் கொண்டு போனீங்க?"

"மேடைக்குக் கீழ திரை இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி. அவர் டியூப்ல நடுவுல ஒரு இணைப்பு. தம்பிதான் மாட்டிக் குடுத்தான். வேண்டாம்க்கான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டான். நான்தான் கேக்கல." மூச்சு வாங்கினாள். "ஒவ்வொரு தடவையும் 'வருதா?'ன்னு கேப்பாரு மேடம். 'வரல'ன்னு சொன்னா அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கும். ஒரே ஒரு நாள் 'வருது'ன்னு சொல்லிட்டா என்னன்னு தோணிச்சு. சொன்னேன். சவரம் பண்ணிக்கிட்டாரு. சாப்பிட்டாரு. பாட்டுகூடப் பாடினாரு. மறுநாள் எப்படி 'வரல'ன்னு சொல்றது?"

"அவர் மோந்த முட்டைகோஸ் வாசனையும் சிலிண்டர் கேஸோடதுதான். அப்புறம் மூடி பறந்துச்சு."

"கேஸ் அவர் பக்கமே திரும்பிப் போயிடுச்சு. அங்க பொறி பறக்குது. அவர் குதிக்கிறாரு. எனக்கு உயிரே போயிடுச்சு. என் கையாலயே அவரைக் கொளுத்தப் பார்த்தேனே! மறுநாள் அவர் தலைவர் வீட்டுக்குப் போன நேரம் எல்லாத்தையும் தூக்கி இதுல போட்டேன். மெஷின் தொலைஞ்சா எல்லாம் தானா அடங்கிடும்னு பார்த்தா, தம்பி தலையில வந்து விடிஞ்சுது. அவன் ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறான்."

"வெளியாள்னு என்னால பொய் சொல்ல முடியாதும்மா. சொன்னாலும் தலைவர் விட மாட்டார். அந்த வெளியாளுக்குக் கதவைத் திறந்து விட்டது மச்சினன்தான்னு அடுத்த போஸ்டர் அடிப்பார். நீங்க சொன்னா மட்டும்தான் உங்க தம்பி தப்பிப்பான்."

"சொன்னா இவர் மறுபடி சுவத்தைப் பார்த்து உட்கார்ந்துடுவாரே மேடம்."

துருவி அவள் கையைப் பிடித்து எழுப்பினாள்.

ஹாலில் அதற்குள் கூட்டம் பெருகியிருந்தது. சாயந்திரம் வரை பொறுக்காமல் தலைவர் விசாரணையை ஆரம்பித்துவிட்டார். நடுவில் துணிப்பையோடு தம்பி. "எத்தனை லிட்டருக்குடா எங்களை வித்தே?" என்று ஒருத்தர் கத்தினார். விஞ்ஞானி மச்சினனைப் பார்க்காமல் தரையைப் பார்த்து, "நீ கிளம்புறதுதான் நல்லது" என்றார். தம்பி பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அக்காவை மட்டும் ஒரு தடவை பார்த்து, 'வேண்டாம்' என்பது போல் தலையசைத்தான்.

"அவன் எடுக்கல! நான்தான் எடுத்தேன்!"

விஞ்ஞானியின் மனைவி போட்ட சத்தத்தில் மைக்கே ஒரு தடவை வீறிட்டது. அடுப்பு, சிலிண்டர், இணைப்பு, பறந்த மூடி, வாஷிங் மெஷின் என்று மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டினாள். கடைசியில் புருஷன் பக்கம் திரும்பி, "அது ஒரு நாளும் வரலைங்க. நான்தான் வருதுன்னு சொன்னேன்" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

விஞ்ஞானி எழுந்து சமையலறைக்குப் போனார். மேடைத் திரையை விலக்கும் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. சுவரோடு உட்கார்ந்துவிட்டாரோ என்று அரட்டைக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அவர் வெளியே வந்தபோது முகத்தில் ஈ ஆடவில்லை. தலைவர் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"இவ சொல்றது உண்மை. எரிஞ்சது சிலிண்டர் கேஸ். என் மெஷினால ஒரு தீக்குச்சியைக்கூடப் பத்த வைக்க முடியாது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

தலைவர் மெல்ல நெற்றியில் கை வைத்தார். "ஐயோ... விஞ்ஞானியையே விலைக்கு வாங்கிட்டாங்களே!"

"வாங்கிட்டாங்க!" என்றது கூட்டம்.

"யோவ், மெஷினைச் செஞ்சதே நான்தான்யா! வேலை செய்யலன்னு நானே சொல்றேன்!"

"செஞ்சவன் வாயாலயே சொல்ல வைக்கிறாங்கன்னா எவ்வளவு குடுத்திருப்பாங்க, நினைச்சுப் பாருங்க நண்பர்களே!"

நாலு பேர் பின்கட்டுக்குப் பாய்ந்து மெஷினை மீட்டுத் தோளில் ஏற்றினார்கள். அதற்கு முன்பே துருவி டிரான்ஸ்பார்மரின் இரண்டு வயரையும் வெட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டது அரட்டைக்கு மட்டும்தான் தெரியும். 'தண்ணீருக்குத் துரோகி' போஸ்டரில் மச்சினன் முகத்துக்கு மேல் விஞ்ஞானி முகத்தை ஒட்டலாமா, பக்கத்தில் ஒட்டலாமா என்று வாசலிலேயே செயற்குழு கூடியது. கோஷம் தெருவில் இறங்கித் தேய்ந்தது.

"மேடம், இது கேஸ் முடிஞ்ச மாதிரியா, ஆரம்பிச்ச மாதிரியா?" என்றான் அரட்டை.

துருவி வாயில் விரலை வைத்து அவனை அடக்கினாள்.

காலியான நாற்காலிகளுக்கு நடுவே தம்பி இன்னும் பையோடு நின்றுகொண்டிருந்தான். விஞ்ஞானி அவன் எதிரே போய் நின்றார்.

"உனக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடா. நான் உன்னை என்னென்ன பேசிட்டேன்..."

"சொன்னா நீங்க உடைஞ்சிடுவீங்க மாமா. நீங்க உடைஞ்சா அக்கா தாங்க மாட்டா" என்றான் அவன். "என்னைத் திட்டினா யாருக்கு என்ன ஆகப்போகுதுன்னு இருந்துட்டேன்."

விஞ்ஞானி அவன் தோளிலிருந்த பையைப் பிடுங்கித் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"எனக்கு ஆகும்டா" என்றார்.